சுவரை உடைக்கும் முன் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். "காலையிலிருந்து டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது, எங்கே கோளாறு என்று தெரியவில்லை" என்று மின்கம்பியாள்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கோளாறு சுவருக்குள்ளோ கூரைத் தளத்துக்குள்ளோ ஒளிந்திருப்பதால், சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் கொத்திப் பார்ப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதைவிட எளிது என்று, டிரிப் ஆகும் கருவியையே கழற்றி வைத்துவிட்டு ஒயரை நேரடியாக இணைத்துவிடுகிறவர்களும் உண்டு. பல ஆண்டுகளாக வீடுகளில் ஒயரிங் வேலையும் பழுது நீக்கும் வேலையும் செய்துவரும் ஒரு மின்கம்பியாள் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் அவசியமே இல்லை என்பதையும், மறைந்திருக்கும் பழுதை அளந்தே கண்டுபிடிக்க முடியும் என்பதையும், அப்படி அளப்பதற்கு நம் வீடுகள் கட்டப்படும் விதமே தடையாக இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பு தேக்கு ரீப்பர் கட்டைகளின் மேல் கிளிப் அடித்து ஒயர் ஓட்டிய காலத்தில், எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வீட்டுச் சிறுவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். எலி கடித்த இடமும் கருகிய இடமும் கண்ணுக்குத் தெரியும். இன்று கூரைத் தளத்துக்குக் கம்பி கட்டும்போதே பி.வி.சி. குழாய்களையும் ஃபேன் பாக்ஸ்களையும் வைத்துக் கான்கிரீட் போட்டுவிடுகிறோம். சுவர்களில் காடி வெட்டிக் குழாயைப் பதித்துப் பூசிவிடுகிறோம். அழகுக்கும் ஒயரின் பாதுகாப்புக்கும் அது நல்லதுதான். ஆனால் பூச்சு காய்ந்த நாளிலிருந்து அந்தக் குழாய்கள் ஓடும் வழி, அவற்றைப் பதித்தவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துவிடும் டி.பி. பாக்ஸில் உள்ள கருவிகள் எந்தப் பழுதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எம்.சி.பி. என்பது அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தைத் துண்டிப்பதற்காக உள்ளது. ஈரச் சுவர் வழியாக ஒன்றிரண்டு ஆம்பியர் கசிந்தாலும் அது அசையாது. ஒரு கீசரின் உடலில் ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் ஒயர், நேரடியாகத் தொட்டு, அந்த வீட்டு எர்த் குழியின் தடை 10 ஓம் என்றிருந்தால், 230 வோல்ட்டில் மண்ணுக்குள் போகும் மின்னோட்டம் 23 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவுக்கு உடனே விழாது, அதாவது இணைப்பைத் துண்டிக்காது. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகலாம். அவ்வளவு நேரமும் அந்தக் கீசரைத் தொடுபவரின் நிலை என்ன? ஆர்.சி.சி.பி. என்ற கருவி இந்த இடத்தில்தான் உயிரைக் காக்கிறது. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இடையில் 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு எடுப்பதைவிடக் குறைவு. ஆனால் மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஏறக்குறைய அவ்வளவே போதும். வீட்டு இணைப்புகளுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 30 மில்லி ஆம்பியரை வரம்பாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே, இந்தக் கருவி அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதன் மேல் கோபப்படுவதில் நியாயமே இல்லை. வீட்டில் எங்கோ மின்சாரம் வழி தவறிப் போகிறது என்பதை அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

அது சொல்வதைக் கேட்டுப் பழுதைத் தேடுவதில் முதல் படியை வீட்டில் உள்ளவர்களே, எந்த ஒயரையும் தொடாமல் செய்துவிட முடியும். முதலில் எல்லாச் சாதனங்களின் பிளக்கையும் உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, ஏனென்றால் சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் பிளக் வழியாகச் சாதனத்துடன் தொடர்பிலேயே இருக்கும். பிறகு எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றிப் பார்க்க வேண்டும். அது நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில்தான், அதாவது அந்த எம்.சி.பி. வழியாக மின்சாரம் பெறும் ஒயர்களில்தான், பழுது. எல்லாவற்றையும் ஏற்றியும் விழாவிட்டால், பழுது சுவருக்குள் இல்லை, உருவிவைத்த சாதனங்களில் ஒன்றில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சுவருக்குள் கோளாறு என்று என்னை அழைத்த வீடுகளில் கணிசமானவற்றில், கீசரின் சூடேற்றும் கம்பியோ, தண்ணீர் மோட்டாரோ, பழைய கிரைண்டரோதான் காரணமாக இருந்திருக்கிறது. பிளக்கை உருவிப் பார்க்காமலே சுவரைக் கொத்தியிருந்தால் அந்த வீடுகளின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிய பின்னும் ஆர்.சி.சி.பி. நிற்க மறுத்தால், பலர் "கருவியே கெட்டுவிட்டது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் அது நியூட்ரல் பழுது. நம் வீடுகளில் உள்ள எம்.சி.பி.கள் பெரும்பாலும் ஒற்றைத் துருவம் கொண்டவை; அவற்றை இறக்கினால் ஃபேஸ் மட்டுமே அறுபடும், எல்லா நியூட்ரல் ஒயர்களும் டி.பி. பாக்ஸில் உள்ள நியூட்ரல் லிங்க்கில் ஒன்றாகச் சேர்ந்தபடியே இருக்கும். எங்காவது ஒரு நியூட்ரல் ஒயரின் மேலுறையான இன்சுலேஷன் உரிந்து எர்த் ஒயரையோ ஈரக் கான்கிரீட்டையோ தொட்டுக்கொண்டிருந்தால், மின்னோட்டத்தின் ஒரு பங்கு நியூட்ரலுக்குப் பதிலாக மண் வழியே பிரிந்துவிடும். சுமை அதிகமாகும்போது மட்டும் விழுவது, அயர்ன் பாக்ஸ் எந்த பிளக்கில் போட்டாலும் விழுவது, தெருவில் மின்சாரம் வந்து போகும்போதெல்லாம் விழுவது ஆகிய விசித்திரங்கள் பெரும்பாலும் இதனால் வருபவை. இதைக் கண்டுபிடிக்க, மெயினைத் துண்டித்து, நியூட்ரல் லிங்க்கில் உள்ள ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிரித்துச் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இது மின்கம்பியாள் செய்ய வேண்டிய வேலை. ஆனால் எத்தனை டி.பி. பாக்ஸ்களைத் திறந்தாலும், நியூட்ரல் ஒயர்கள் எண்ணோ அடையாளமோ இல்லாமல் ஒரே கறுப்புக் கற்றையாகத்தான் இருக்கின்றன. எந்த நியூட்ரல் எந்த எம்.சி.பி.க்கு உரியது என்பதைக் கண்டறிவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. ஒயர் இழுக்கும் அன்றே ஒவ்வொரு முனையிலும் ஓர் எண் வளையத்தைக் கோத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, கடன் வாங்கிய நியூட்ரல். மாடிப்படி விளக்குக்கு இரண்டு இடத்தில் சுவிட்ச் வைக்கும்போது, ஃபேஸைத் தரைத்தளத்திலிருந்தும் நியூட்ரலை அருகில் இருக்கிறது என்று மேல்தளத்திலிருந்தும் எடுத்துவிடுவது பரவலான பழக்கம். இரு தளங்களுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வைத்த வீட்டில் அந்த ஒரு விளக்கைப் போட்டதும் இரண்டுமே விழும். இன்வெர்ட்டர் இணைப்பிலும் இதே தவறு நடக்கிறது: இன்வெர்ட்டரிலிருந்து வரும் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் தவறான இடத்தில் கலந்துவிடுகின்றன. ஒயர் எங்கும் கெட்டிருக்காது, இன்சுலேஷன் சிறப்பாக இருக்கும், ஆனாலும் கருவி விழுந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் சுவரை எவ்வளவு உடைத்தாலும் எதுவும் கிடைக்காது.

எந்தச் சுற்றில் பழுது என்று தெரிந்த பிறகு, சுற்றில் எந்த இடத்தில் என்பதைக் காண வேண்டும். இங்கேதான் நம் தொழிலில் உள்ளவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பலர் சட்டைப்பையில் உள்ள டெஸ்டரை மட்டும் நம்புகிறார்கள். டெஸ்டரில் உள்ள நியான் விளக்கு எரிய மிகச் சொற்பமான மின்னோட்டமே போதும். ஒரே குழாயில் மின்சாரமுள்ள ஒயரை ஒட்டி ஓடும் ஒன்றோடும் சேராத ஒயரில்கூட அது மங்கலாக எரிந்து காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், எரியாத விளக்கின் வழியாக ஃபேஸே திரும்பி வந்து பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும். "ரிட்டன் வருகிறது" என்று சொல்லிவிட்டு எங்கே அறுந்தது என்று தெரியாமல் நிற்பார்கள். மல்டிமீட்டர் அதைவிட மேல். ஆனால் அதுவும் சில வோல்ட் மின்கலத்தைக் கொண்டு தடையை அளக்கும் கருவி. 230 வோல்ட் மாறுமின்சாரம் உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த அழுத்தத்தில் உடைந்து கசியும் இன்சுலேஷன், மல்டிமீட்டரின் சில வோல்ட்டுக்கு முன் ஒரு குறையும் இல்லாததுபோல் காட்டிவிடும்.

தேவைப்படுவது மெக்கர் என்று நாங்கள் சொல்லும் இன்சுலேஷன் சோதனைக் கருவி. அது 500 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்தி ஒயரின் இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்பதை மெகா ஓம் அளவில் சொல்லும். மெயினையும் இன்வெர்ட்டரையும் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்துகொண்டு, எல்லாச் சாதனங்களையும் எல்.இ.டி. விளக்குகளையும் மின்னணு ரெகுலேட்டர்களையும் கழற்றி வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 500 வோல்ட்டில் அவை கெட்டுப்போகவும் கூடும், அளவும் தவறாக வரும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக ஒருமுறை, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒருமுறை என்று அளக்க வேண்டும். 50 மெகா ஓமை வீட்டில் உள்ள பாயிண்ட்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வது நாங்கள் கற்றுக்கொண்ட பழைய கணக்கு. அதாவது 25 பாயிண்ட் உள்ள வீட்டில் 2 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. நல்ல புதிய ஒயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். அளவு 0.02 மெகா ஓமுக்கு இறங்கிவிட்டால், அந்த இடத்தில் ஏறத்தாழ 11 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று பொருள். அதனோடு கணினி, தொலைக்காட்சி போன்றவற்றின் இயல்பான சிறு கசிவுகளும் சேர்ந்தால் ஆர்.சி.சி.பி. விழத்தானே செய்யும்? 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது 15க்கு மேல் எந்த அளவிலும் விழலாம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மெக்கரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றை நடுவில் பிரிப்பதே இடத்தைக் காணும் வழி. டி.பி. பாக்ஸிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எட்டு சுவிட்ச், இணைப்புப் பெட்டிகள் வழியாக ஓடும் சுற்று என்றால், முதல் பெட்டியிலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டு போகக் கூடாது. நான்காவது பெட்டியில் ஒயரைப் பிரித்து இருபுறமும் அளந்தால், பழுது எந்தப் பாதியில் உள்ளது என்று உடனே தெரியும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கினால் மூன்றே பிரிப்பில் இரு பெட்டிகளுக்கு இடைப்பட்ட ஒரே துண்டு ஒயர் மிஞ்சும். குழாய் நசுங்காமல் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் உருவிவிட்டுப் புது ஒயரை இழுத்துவிடலாம். பழைய ஒயரோடு புதியதைக் கட்டி இழுக்கலாம், அல்லது ஸ்பிரிங் விட்டு இழுக்கலாம். சுவரில் ஒரு கீறல்கூட விழாது. இழுக்கும்போது ஒயர் நடுவே அறுந்து வந்தால், அங்கே யாரோ குழாய்க்குள்ளேயே இரண்டு துண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இணைப்பு என்பது திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்ற அடிப்படை விதியை மீறி, ஒயர் போதவில்லை என்பதற்காகச் செய்யப்படும் இந்த வேலைதான் சுவருக்குள் புதைந்திருக்கும் பழுதுகளில் மிகவும் வேதனை தருவது. சில ஆண்டு வெப்பத்தில் டேப்பின் பசை காய்ந்து பிரிந்துவிடும். அதன்பின் அந்த இடம் ஈரத்துக்காகக் காத்திருக்கிறது.

ஈரம் என்றதும் மழைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியில் நீர் தேங்கி, தளத்தின் நுண்ணிய வெடிப்புகள் வழியே இறங்கி, குழாய் இணைப்புகளில் புகுந்து, கூரையிலேயே தாழ்ந்த இடமான ஃபேன் பாக்ஸில் சேர்கிறது. சுவர் ஓதம் ஏறிய வீடுகளில் தரையை ஒட்டிய பிளக் பாயிண்ட்களும் அவ்வாறே. இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், பொங்கல் வரும்போது எல்லாம் காய்ந்துவிடும். மெக்கர் நல்ல அளவையே காட்டும். வீட்டாரும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். பழுது எங்கும் போகவில்லை, அடுத்த ஐப்பசியில் திரும்பும். ஆகவே மழையில் மட்டும் வரும் பழுதை மழையிலேயே அளக்க வேண்டும். மழை விட்ட மறுநாளுக்குள் மின்கம்பியாளை வரவழைக்க வேண்டும். கருவி விழுந்த நேரம், அப்போது மழை பெய்ததா, மோட்டார் ஓடியதா, கீசர் போட்டிருந்ததா என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தால், வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒயரை மாற்றிவிட்டு மாடித் தளத்தின் ஒழுக்கை அப்படியே விட்டுவிடுவதாலும் பயனில்லை என்பதைக் கட்டுமானப் பணியாளர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆணி அடிப்பதையும் துளையிடுவதையும் பற்றி ஒரு வார்த்தை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே கூரை வரைக்கும் குழாய் ஓடுகிறது என்பதை அனேகமாக எந்த வீட்டிலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேர்கோட்டில்தான் காலண்டரும், சாமி படமும், தொலைக்காட்சித் தாங்கியும், திரைச்சீலைக் கம்பியும் மாட்டப்படுகின்றன. மாடுலர் கிச்சன் பொருத்த வருபவர்களும், தண்ணீர் சுத்திகரிப்பான் மாட்ட வருபவர்களும் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதற்கு வீட்டாருக்குத் தெரியாது. ஆணி ஒயரின் இன்சுலேஷனை மட்டும் சீவிவிட்டு நின்றுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வருடங்கள் கழித்துச் சுவர் ஈரமாகும்போது அந்த ஆணியே மின்சாரம் ஏறிய முனையாகிவிடும்.

மேலே சொன்னவை யாவும் கசிவைப் பற்றியவை. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இரண்டுமே பார்க்காத இன்னொரு பழுது உண்டு, தீ விபத்தைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது அதைத்தான்: தளர்ந்த இணைப்பு. ஒரு திருகு சரியாக முடுக்கப்படாமல் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 10 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் வரம்புக்குள் இருப்பதால் எம்.சி.பி. விழாது, கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. பழைய வீடுகளில் அலுமினிய ஒயரோடு செம்பு ஒயரை முறுக்கிச் சேர்த்த இடங்கள் இதற்குப் பேர்போனவை. கீசர் போட்டால் அதே அறையின் விளக்கு மங்குவது, சுவிட்ச் தகடு பழுப்பேறுவது, கை வைத்தால் சூடாக இருப்பது, மீன் வாடை போன்ற ஒரு நெடி வருவது ஆகியவை இதன் அடையாளங்கள். பிளக்கில் சுமை இல்லாதபோதும் சுமை உள்ளபோதும் மின்னழுத்தத்தை அளந்து, சுமை ஏறியதும் அது வெகுவாக இறங்கினால் அந்தச் சுற்றின் ஒவ்வொரு முனையையும் திறந்து பார்க்க வேண்டும். வெப்பப் படக்கருவி இருந்தால் சூடான பெட்டி சுவரைத் திறக்காமலே தெரியும். அதை வாடகைக்காவது எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் நம் தொழிலில் வளர வேண்டும்.

மின் கட்டணத்திலும் பழுது தெரியும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் 200 மில்லி ஆம்பியர் ஓயாமல் கசிந்தால், அது 46 வாட் விளக்கு இரவும் பகலும் எரிவதற்குச் சமம்; இரண்டு மாதக் கணக்கில் 66 யூனிட் ஆகும். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு பங்கைச் சுவரே குடித்துவிடும். மின்னணு மீட்டர்கள் பலவற்றில் எர்த் லோடைக் காட்டும் தனி விளக்கு ஒன்று இருக்கிறது. அது எரிந்தால், போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வரவில்லை என்று பொருள். மீட்டர் பெட்டியைக் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நியூட்ரல் அறுந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை என்றால், எர்த் ஒயரையே நியூட்ரலாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், வீட்டாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எர்த் குழி கோடையில் காய்ந்தாலோ, எர்த் ஒயர் வழியில் எங்காவது அறுந்தாலோ, அந்த வீட்டில் எர்த்தோடு இணைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகிய எல்லாவற்றின் உடலிலும் மின்சாரம் ஏறி நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் இந்த ஏற்பாட்டை ஒரு கணமும் அனுமதிக்காது. அதனால்தான் இப்படி இணைக்கிறவர்கள் முதலில் அதைக் கழற்றுகிறார்கள். அதேபோல், 10 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்று அந்த இடத்தில் 32 ஆம்பியர் போடுவதும், ஃப்யூஸ் கேரியரில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றுவதும், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சுவருக்குள் எரிய விடுவதற்கு ஒப்பாகும்.

மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பி யாரும் போர்டைத் திறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் இறங்கிய மறுகணமே பாதி வீட்டுக்கு மின்கலத்திலிருந்து 230 வோல்ட் வந்துவிடும். சூரிய மின்தகடு வைத்த வீடுகளில் கூரையிலிருந்து வரும் ஒயர்களையும் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதக் காரணம், பழுது பார்ப்பது கடினமாக இருப்பதற்குப் பழுது மட்டுமே காரணமில்லை என்பதுதான். வீட்டுக்கு மின் வரைபடம் இல்லை. ஒயரிங் முடிந்த அன்று இன்சுலேஷன் எவ்வளவு இருந்தது என்ற பதிவும் இல்லை. அன்று 100 மெகா ஓம் இருந்தது, இன்று 3 மெகா ஓம் என்று தெரிந்தால், பழுது வெளிப்படும் முன்பே அதைத் தேடலாம். ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லாதபோது 3 மெகா ஓம் போதுமானதாகவே தோன்றும். புதிய இணைப்புக்குத் தரப்படும் சோதனை அறிக்கையில் இந்த அளவுக்கான இடம் இருந்தும், மெக்கரைக் கையில் எடுக்காமலே அது நிரப்பப்படுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இணைப்புப் பெற்ற பின்னும் 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் மின்னமைப்பைச் சோதிக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே கூறின. வீடுகளைப் பொறுத்தவரை அது ஏட்டளவில் நிற்கிறது. இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை மின் பரிசோதனை அறிக்கை கட்டாயம் என்று 2020இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நம்மால் முடியாத காரியமல்ல இது. ஓர் இன்சுலேஷன் சோதனைக் கருவி இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு குளியலறையின் டைல்ஸை உடைத்து மறுபடி ஒட்டும் செலவு அதைவிட அதிகம்.

எனவே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டி விற்பவர்கள், சாவியைக் கொடுக்கும்போது ஒவ்வொரு சுற்றின் மெக்கர் அளவையும் எர்த் குழியின் தடையையும் குறித்த ஒரு தாளைக் கையொப்பத்துடன் கொடுக்க வேண்டும் என்றும், அதைச் சரிபார்த்த பின்னரே மின் பகிர்மானக் கழகம் இணைப்பு வழங்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களையோ, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்றவர்களையோ மட்டுமே வேலைக்கு அழைப்பதும், வருபவரிடம் மெக்கர் இருக்கிறதா என்று கேட்பதும் வீட்டு உரிமையாளர்களின் கையில் உள்ளது. இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளும், காடி வெட்டிக் குழாய் பதித்த பிறகு பூச்சு தொடங்குவதற்கு முன்பும், ஒவ்வொரு சுவரின் பக்கத்திலும் அளவு நாடாவைப் பிடித்து நிறுத்திக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை அச்சிட்டு, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்ற குறிப்போடு, டி.பி. பாக்ஸ் கதவின் உட்புறம் ஓர் உறையில் போட்டு ஒட்டிவைத்தால், இன்னும் பல ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்கு வரும் மின்கம்பியாளுக்கு எந்தச் சுவரையும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மின்கம்பியாள் ஒருவர்,
தஞ்சாவூர்.